பானட்டில் சந்தனம்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. நோட்டீஸாகத் தொடங்கியது. காரைக்குடியில் கார் டீட்டெய்லிங் தொழில் ஆரம்பிக்கப் போகிறோம், நாலு வரி எழுதிக் கொடு என்று பக்கத்து வீட்டு வைரவன் கேட்டான். நைட் ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு வீட்டில் கிடப்பவனுக்கு வேறென்ன வேலை என்று நினைத்திருப்பான். சரியாகத்தான் நினைத்திருக்கிறான்.

'உங்கள் காருக்கு எங்கள் கடையில்...' கடையா? அது இன்னும் முடிவாகவில்லை. அடித்தேன்.

'உங்கள் வீட்டு வாசலுக்கே வந்து...' அதுவும் முடிவாகவில்லை.

தொழில் எதுவென்று தெரியாமல் நோட்டீஸ் எழுத முடியாது. கதை எழுதலாம்.

(டீட்டெய்லிங் என்றால் வாட்டர் வாஷ் இல்லை. கீறல் எடுத்து, பாலிஷ் போட்டு, பெயிண்ட் கெடாமல் கண்ணுக்குத் தெரியாத பிலிம் ஒட்டுவது; பழசானால் உரித்துவிட்டு வேறு ஒட்டுவது. வைரவனின் மனைவி அகல்யா கோயம்புத்தூரில் இந்த வேலை பார்த்தவள். வாட்டர் வாஷ் என்று சொன்னால் முறைப்பாள்.)

2

சிக்கல் இதுதான். வைரவனிடம் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று இருக்கிறது. அதில் பந்தல் சாமான் ஏற்றித்தான் குடும்பம் ஓடுகிறது. அதிலேயே தண்ணீர் டேங்கை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கழுவலாம். அல்லது அதை விற்றுவிட்டு, பிள்ளையார்பட்டி போகிற ரோட்டில் அழகுசுந்தரத்தின் ஷெட்டை வாடகைக்கு எடுக்கலாம். பிலிம் ஒட்டத் தூசி இல்லாத, மூடிய இடம் வேண்டும் என்கிறாள் அகல்யா. வண்டியை விற்றுவிட்டு ஷெட்டும் ஓடவில்லை என்றால் யார் சோறு போடுவது என்கிறான் வைரவன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் டயர் கடைக்காரருக்குக் கொடுத்துவிடுவேன் என்று அழகுசுந்தரம் சொல்லிவிட்டார்.

மூன்றாவது வழியும் ஒன்று இருந்தது. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுக்குள் நிற்கிற கார்களை வருஷ ஒப்பந்தத்தில் துடைத்து வைப்பது. மாளிகை, தூசி, தூங்கும் கார். எழுதுகிறவனுக்கு எச்சில் ஊறும் இடம். அதனாலேயே வெட்டிவிட்டேன். "நிக்கிற வண்டிக்கு என்னத்தப் பாலிஷ் போட?" என்று அகல்யாவும் வெட்டிவிட்டாள்.

3

மீனாம்பிகை ஆச்சி வைரத்தோடு மின்னக் காரிலிருந்து இறங்கி...

வேண்டாம். கதைகளில் எல்லா ஆச்சிகளும் இப்படித்தான் இறங்குகிறார்கள். இவர் முதலில் வரவேயில்லை. நெற்குப்பையிலிருந்து டிரைவரிடம் புது வெள்ளைக் காரைக் கொடுத்தனுப்பினார். பேத்தி கல்யாணம், பளபளவென்று இருக்கவேண்டும். அகல்யாவுக்கு இந்த ஊரில் முதல் வண்டி.

பானட்டில் பிள்ளையார்பட்டிப் பூஜையில் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. குங்குமச் சாயம் பெயிண்ட்டுக்குள் இறங்க ஆரம்பித்திருந்தது. கோயம்புத்தூரில் அவளிடம் வந்தவர்கள் இதை எடுக்கச் சொல்லித்தான் வண்டியை விடுவார்கள். பாடுபட்டு எடுத்தாள். உள்ளூர்க்காரன் வைரவன் பக்கத்தில் நின்று ஹோஸ் பிடித்தான். அவனுக்கும் உறைக்கவில்லை. பானட்டில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டான்.

ஆச்சி வீட்டில் புது வண்டிப் பொட்டைத் துணிகூடத் தொடாது. மழையில் தானாகப் போனால்தான் உண்டு.

வெள்ளிக்கிழமை காலையில் அவரே வந்துவிட்டார். குரலை உயர்த்தவில்லை.

"ஏத்தா, கல்யாணத்துக்குப் போற வண்டியப் பொட்டழிச்சு அனுப்பியிருக்கியே?"

அந்த வார்த்தைக்குப் பிறகு வைரவன் எங்கே நின்றான் என்று எனக்குத் தெரியவில்லை. சுவருக்குப் பின்னால் என்று வைத்துக்கொள்வோம். திரும்பப் பூஜை போடவேண்டும், இப்போதே, நீங்கள் ரெண்டு பேரும் கூட வாங்க என்றார் ஆச்சி. நெற்குப்பை முழுக்க அவர் சொல்லப்போவதை நினைத்துக்கொண்டே இருவரும் ஏறினார்கள்.

4

இங்கேதான் எனக்குக் கை பரபரக்கிறது. மெதுவாக எழுதவேண்டும்.

முகூர்த்த நாள். ரோட்டில் ரிப்பன் கட்டிய புதுக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. ஷோரூமிலிருந்து நேராகப் பிள்ளையாரிடம். வீட்டுக்குப் போவதே பிறகுதான். எல்லாப் பானட்டிலும் குங்குமம் ஏறப்போகிறது, எல்லாப் பெயிண்ட்டிலும் இறங்கப்போகிறது, ஒருவரும் துடைக்கப்போவதில்லை. பூஜைக்கு முன்னாலேயே பிலிம் ஒட்டிவிட்டால்? ஷோரூமுக்கும் கோயிலுக்கும் நடுவில், இதே ரோட்டில், அழகுசுந்தரத்தின் ஷெட்!

(இதை நான் யோசித்ததாக எழுத ஆசை. அகல்யாதான் யோசித்தாள்.)

வண்டியை ஷெட் வாசலில் நிறுத்தச் சொன்னாள். அழகுசுந்தரம் உள்ளே டயர் கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கொடுங்கள், பானட்டில் பிலிம் ஒட்டிவிட்டுப் போவோம், பொட்டு எத்தனை மாசம் இருந்தாலும் பெயிண்ட் கெடாது என்று ஆச்சியிடம் சொன்னாள். அவள் பையிலிருந்து எடுத்துக் காட்டிய பிலிம் துண்டை ஆச்சி விரலால் தடவிப் பார்த்தார்.

"பொட்டு வண்டிக்கா, இந்தப் பிளாஸ்டிக்குக்கா?"

"ஒங்களுக்கு மாலை போட்டா சேலை மேலதான ஆச்சி விழுகுது. மாலை சேலைக்கா?"

டிரைவர் சிரிப்பை அடக்க அங்குட்டுத் திரும்பிக்கொண்டான். மெதுவாப் பேசு என்று வைரவன் முனகினான்.

"சேலைய உரிச்சுக் குப்பையில போடுறதில்லடி. இதை உரிக்கிற அன்னைக்குச் சாமி பொட்டு எங்கிட்டுப் போகும்?"

5

ஒரு முடிவு: அகல்யா சொன்ன பதிலில் ஆச்சி சிரித்துவிட்டார், வைரவன் அழகுசுந்தரத்திடம் சாவி வாங்கிவிட்டான். எழுதிப் பார்த்தேன். அந்தப் பதில் என்ன என்று எனக்கே தெரியவில்லை. கிழித்தேன்.

இன்னொன்று: ஆச்சி தலையை ஆட்டி மறுத்துவிட்டார், ஷெட்டுக்குள் டயர்கள் அடுக்கப்பட்டன, குட்டியானை மறுபடி பந்தல் சாமானோடு... சோகமாக முடித்தால் இலக்கியம் மாதிரி இருக்கும். அதற்காகவே ஒரு தொழிலைக் கொல்ல முடியாது.

இந்த ஆச்சி ஒப்புக்கொண்டால் ரோட்டில் போகிற அத்தனை ஆச்சிகளும் ஒப்புக்கொள்வார்கள். வைரவன் வண்டியை விற்கலாம். இல்லையென்றால் விற்கக்கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

டயர் கடைக்காரர் அட்வான்ஸ் கொடுக்கப் பணப்பையைத் திறந்துவிட்டார். ஆச்சி விரலைப் பிலிமின் மேல் வைத்தபடியே நிற்கிறார். அகல்யா பேச வாயெடுத்துவிட்டாள்.

உங்கள் வீட்டு வண்டியிலும் யாரோ வைத்த பொட்டு இருக்கும். உரித்த பிலிமை நீங்கள் எங்கே போடுவீர்கள்? ஊருணியிலா, மரத்தடியிலா, கோயிலிலேயேவா? சீக்கிரம் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைத்தான் அவள் சொல்லப்போகிறாள்.