பள்ளிக்கூடத்து அடுப்பு

வேட்டிக் கரையைக் கிழித்து, அண்ணனின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான் ஆண்டிச்சாமி. தலைமாட்டில் முருகம்மாள். விடாத காய்ச்சலில் அவள் புருஷன் தங்கச்சாமி விடியற்காலையில் போய்விட்டான்.

சங்கையா வாத்தியார் மாலையைப் போட்டபிறகும் நகரவில்லை.

"என்ன சார்?" என்றான் ஆண்டிச்சாமி.

"பள்ளிக்கூடத்துல இன்னும் அடுப்புப் பத்த வைக்கலப்பா. சமைக்கிற அம்மா மாட்டேங்குது. பிள்ளைக தட்டோட வந்து உக்காந்திருக்கு."

தெருவில் பிணம் கிடக்கும்வரை எந்த அடுப்பும் எரியக் கூடாது. பள்ளிக்கூடமும் அதே தெருவின் கோடியில்தான் இருந்தது. அங்கே மதியச் சோறு போட ஆரம்பித்தபிறகு தெருவில் விழுந்த முதல் சாவு இது.

ஒப்பாரியை நிறுத்தினாள் பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள். "வாத்தியாருக்கே வயிறு காந்துதோ?"

"எனக்கில்லத்தா. தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்கு ஏத்திட்டுப் போற வண்டிய விட்டுட்டு பிள்ளைக இங்கன வர்றதே அந்தச் சோத்துக்குத்தான். இன்னைக்கு வெறும் வயித்தோட அனுப்புனா, நாளைக்கு வண்டில ஏறிரும்."

"திருத்தங்கல்ல இருந்து எங்க அக்கா வரணும் சார். வந்தாத்தான் தூக்கணும். தம்பி பொணம் கிடக்க, தெருவுல புகையப் பாத்தா அவ சும்மா இருப்பாளா?" என்றான் ஆண்டிச்சாமி. "ஏறுனா ஏறட்டும். எங்க சின்னத்தாயும் இனி அந்த வண்டிலதான போகணும்? மதினி ஒத்தையா என்ன செய்வாக?"

முருகம்மாள் நிமிர்ந்தாள். அவள் மடியில் தலைவைத்துக் கிடந்தாள் மகள் சின்னத்தாய். நேற்று ராத்திரியும் சாப்பிடவில்லை. கேட்கவுமில்லை.

"சார், அடுப்பப் பத்த வைக்கச் சொல்லுங்க."

"மதினி!"

"எழவு என் வீட்டு எழவு. நான் சொல்லுதேன். ஒங்க அக்கா எங்கிட்ட கேக்கட்டும்." மகளை எழுப்பி நிறுத்தினாள். "இவளையும் கூட்டிட்டுப் போங்க சார். இவ எந்த வண்டிலயும் ஏற மாட்டா."

"அப்பன் பொணம் கிடக்க, புள்ள சோத்து வரிசையிலயா!" கருப்பம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாத்தியார் சின்னத்தாயின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். ஆண்டிச்சாமி பாதியில் நின்ற முடிச்சை இறுக்கினான்.

திருத்தங்கல் அக்கா தெருமுனைக்கு வந்தபோது புகை நன்றாகவே எழுந்திருந்தது. அவள் நின்றாள். "யார் வீட்டுலடா?"

ஆண்டிச்சாமி மதினியைப் பார்த்தான். பிறகு, "பள்ளிக்கூடம்க்கா. பிள்ளைகளுக்கு," என்றான்.

அக்கா அதற்குமேல் கேட்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு தம்பியிடம் ஓடினாள்.

அன்று சோறு இறங்க நேரமாகிவிட்டது. பாடை பள்ளிக்கூடத்தை நெருங்கும்போது பிள்ளைகள் பாதிச் சாப்பாட்டில் இருந்தார்கள். கொட்டுச் சத்தம் கேட்டு எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

பெண்கள் அதற்குமேல் போகக் கூடாது. முருகம்மாள் நின்றுவிட்டாள். கடைசி வரிசையில் சின்னத்தாய் எச்சில் கையைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். தோள்களுக்கு மேலே போகும் அப்பாவின் முகத்தைப் பார்த்தபடியே, வாயிலிருந்த சோற்றை மெதுவாக மென்றாள்.