முகத்தைத் திருப்பிக்கொண்டவள்

நம்போசோவுக்குத் திமிர் பிடித்துவிட்டது என்று முதலில் சொன்னது நான்தான். அந்தப் பழியை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

என் பெயர் கைன்சா. எங்கள் மாவட்டக் காதுகேளாதோர் சங்கத்துக்குப் பதினோரு வருடமாகச் செயலாளர். நாலு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து காது போனது. எழுதப் படிக்க நன்றாக வரும் என்பதால் கடிதம், மனு, பெயர்ப் பட்டியல் எல்லாம் என் கையால்தான் போகும். கோபமும் எனக்கு மூக்குக்கு மேல். பள்ளிக்கூடத்தில் எனக்கு வைத்த பெயரே புருவம்தான். இரண்டு விரலால் புருவ நடுவைக் கிள்ளிக் காட்டினால் அது நான். நம்போசோவின் பெயர் கன்னக்குழி. கன்னத்தில் ஒரு விரலை வைத்து ஒரு திருகு. எங்களுக்குள் அதுதான் பெயர். அடையாள அட்டையில் இருப்பது சர்க்காருக்கு.

காதுகேளாதோர் பள்ளி விடுதியில் அவளும் நானும் ஒரே கட்டிலில் படுத்தவர்கள். இப்போது அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள், மலைச் சரிவில். சந்தையில் புகைபோட்ட மூங்கில் குருத்து விற்பாள். சாப்பிடு, வா, போ, கூடையைத் தூக்கு. இந்த நாலுக்கு மேல் அந்த வீட்டில் ஒருவருக்கும் கைப்பேச்சு வராது. வாரம் முழுக்க வாயடைத்துக் கிடந்துவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் சங்க அறைக்கு ஓட்டமும் நடையுமாக வந்து சேருவாள். வந்தால் கையை நிறுத்த மாட்டாள். புகை வாசனை வீசிக்கொண்டே இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. என் புருஷன் டொரோரோ டவுனில் ஒருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான் என்று அந்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. வட்டமாகப் போட்ட பெஞ்சில் நம்போசோவை ஒட்டி உட்கார்ந்து, மற்றவர்கள் கண்ணில் படாமல் மடிக்குப் பக்கத்திலேயே கையைச் சின்னதாக அசைத்து, அவளுக்கு மட்டும் சொன்னேன்.

“அவன் போயிட்டான்டி. துணிமணி எல்லாம் எடுத்துட்டுப் போயிட்டான்.”

அவள் திரும்பவில்லை. எதிரே எங்கள் தலைவர் வமோனோ, போலீஸ்காரன் ஒருவன் தன் பின்னால் விசில் ஊதி ஊதி மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்ட கதையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நான் மறுபடியும் சொன்னேன். கண்ணீர் வழிய வழியச் சொன்னேன். நம்போசோ அவரையே பார்த்து, கன்னத்தில் குழி விழச் சிரித்தாள்.

காது கேட்கிற உங்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. எதிராளி வேறு பக்கம் பார்த்தாலும் நீங்கள் பேசுவது அவர் காதில் விழும். எங்களுக்கு அப்படி இல்லை. பேசுகிறவர் கையை விட்டுக் கண்ணைத் திருப்புவது, பேசுகிற வாயில் அறைவதற்குச் சமம். அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. எதிரே நின்று கண்ணை இறுக மூடிக்கொள்வது. உன் பேச்சே வேண்டாம், இத்தோடு முடிந்தது என்று அர்த்தம். புருஷன் பெண்டாட்டி சண்டையில்கூட அதைச் சட்டென்று யாரும் செய்துவிட மாட்டார்கள்.

அப்புறம் ஆளாளுக்கு ஒரு கதை கொண்டுவந்தார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையை வீசிக் கூப்பிட்டேன், கண்டுகொள்ளவே இல்லை என்றார் வமோனோ. என் தக்காளிக் கூடையை மிதித்துவிட்டு ஒரு மன்னிப்புகூடக் கேட்காமல் போனாள் என்றாள் ஒருத்தி. குலுக்க நீட்டின கை அந்தரத்தில் நின்றது என்றான் இன்னொருவன்.

“அண்ணன் வீட்டுல காப்பிக் கொட்டைக்கு நல்ல வெல கெடைச்சிருக்காம். இனிமே நம்மள எல்லாம் எதுக்கு மதிக்கப் போறா?” என்று நான் எடுத்துக் கொடுத்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அடுத்த வாரம் ஒன்றும் நடக்காதது மாதிரி வந்தாள். எனக்கென்று வாழையிலையில் மூங்கில் குருத்து கட்டி எடுத்துவந்திருந்தாள். தோளைத் தொட்டாள்.

“என்னடி புருவம், மூஞ்சத் தூக்கி வச்சிருக்க?”

நான் எழுந்து நின்றேன். அத்தனை பேர் முன்னாலும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். தோளைப் பிடித்து உலுக்கினாள். கன்னத்தில் கை வைத்தாள். நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது வாழையிலைப் பொட்டலம் பெஞ்சில் இருந்தது, அவள் இல்லை. அதோடு அவள் வருவது நின்றது. தப்புச் செய்தவள்தானே, வந்து கெஞ்சட்டும் என்று இருந்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்துத் தலைநகர் கம்பாலாவிலிருந்து கண் டாக்டர் ஒருவர் இரண்டு நாள் முகாமுக்கு வந்தார். சங்கத்திலிருந்து பதினைந்து பேரை அனுப்பச் சொல்லிக் கடிதம். நான்தான் பட்டியல் எழுதினேன். வமோனோ எட்டிப் பார்த்தார்.

“என்ன புருவம், கன்னக்குழி பேரக் காணோம்? தடுக்கி விழுந்துட்டே இருக்கான்னு சந்தையில சொல்றாங்க.”

“வேணும்னா அவளே வந்து கேக்கட்டும்ணே. வீடு தேடிப்போய்த் தாம்பாளத்துல வச்சுக் குடுக்கணுமா?”

“அதுவும் சரிதான்” என்று தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார். பதினைந்தாவது இடத்தில் என் பெயரை எழுதினேன். என் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது.

டாக்டரும் அதையேதான் சொன்னார். எங்களை வரிசையாக உட்கார வைத்து, மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் நிறுத்தி, ஒரு நோயைப் பற்றி விளக்கினார். வலி இருக்காது. பார்வையை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே வரும். நேரே இருப்பது தெரிவதால் ஆளுக்கே விஷயம் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் தெரியாது, காலடியில் கிடப்பது தெரியாது. போனது போனதுதான். சொட்டு மருந்து போட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

தக்காளிக் கூடை. நீட்டின கை. நான் அவளுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தேன், நேரே இல்லை. பாவி, பக்கவாட்டில்!

டாக்டர் மறுநாளும் இருந்தார். மோட்டார் சைக்கிள் பிடித்தால் நம்போசோ வீடு அரை மணி நேரம். நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்காதீர்கள். சரி, கேளுங்கள், சொல்லிவிடுகிறேன். ஊர் முன்னால் கண்ணை மூடியவள் நான்; நானே முதலில் போனால் நான் இறங்கிப்போனதாக ஆகிவிடுமே. அவ்வளவுதான். வேறு காரணம் கிடையாது. அவளாக ஒரு சனிக்கிழமை வருவாள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மழைக்காலம் இரண்டு முறை வந்து போனது. அதற்கப்புறம் அவள் அண்ணி நபிஃபோ ஒரு காகிதத்தோடு சங்கத்துக்கு வந்தாள். பைத்தியம் பிடித்துவிட்டது, பானையைப் போட்டு உடைக்கிறாள், தொட்டால் பிள்ளைகளை அடிக்கிறாள், உங்கள் ஆளை வந்து பாருங்கள் என்று எழுதியிருந்தது.

வமோனோவும் நானும் போனோம். வீட்டுக்குப் பின்னால் காப்பிக்கொட்டை காயவைத்த சாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எலும்பும் தோலுமாக. கண் திறந்துதான் இருந்தது. எதிரே நின்று கையை வீசினேன். ஒன்றும் இல்லை. தரையைக் காலால் உதைத்தேன். அதிர்வு தெரிந்து சட்டென்று நிமிர்ந்தாள், நான் இல்லாத பக்கம் திரும்பினாள்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். கண் பிரிவு நர்ஸ் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். இரண்டு கண்ணும் போய்விட்டது. போன வருட முகாமுக்கு வந்திருந்தால் மிச்சத்தைக் காப்பாற்றியிருக்கலாம். ஏன் வரவில்லை?

“என்ன போட்டிருக்கு?” என்றார் வமோனோ. அவருக்குப் படிக்க வராது. நான் கையால் சொன்னேன், ஒவ்வொரு வரியாக. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

பார்வையற்றோர் சங்கத்துக்கும் போனோம். நல்ல மனிதர்கள். நாற்காலி போட்டார்கள், வெள்ளைக் கோல் ஒன்று கொடுத்தார்கள். ஆனால் அங்கே பாடம், பாட்டு, அரட்டை எல்லாம் வாயால்தான். “காது கேக்காதவங்ககிட்ட நாங்க எப்படிம்மா பேசறது? அவங்க உங்க ஆளுதான?” என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டார்கள். எங்கள் சங்கத்திலோ பேச்சு முழுக்கக் கண்ணுக்கு. உட்கார இரண்டு இடத்திலும் பெஞ்ச் இருந்தது. பேச ஓரிடத்திலும் ஆள் இல்லை. கையைத் தொட்டுப் பேசக் கற்றுத்தருகிறவர்கள் தலைநகரில் இருக்கிறார்களாம். மனுப் போட்டேன். இன்னும் பதில் இல்லை.

அடுத்த சனிக்கிழமை நான் மட்டும் போனேன். எதிரே உட்கார்ந்து, அவள் கையை எடுத்து என் முகத்தில் வைத்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மறுபடி வைத்தேன். விரல் மூக்கில் ஏறி, கன்னத்தைத் தடவி, நெற்றிக்குப் போய், புருவ நடுவில் நின்றது. அங்கே இருக்கிற மடிப்பு என்னைவிட்டு எங்கே போகும்? இரண்டு விரலால் அதைக் கிள்ளினாள்.

“புருவம்! நீயா? வந்துட்டியாடி!”

எத்தனை மாதமாகப் பூட்டிவைத்த பேச்சோ, கை படபடவென்று பறந்தது.

“நான் என்ன தப்புப் பண்ணேன்? அன்னைக்குக் கண்ண மூடிக்கிட்டியே. தெனம் தெனம் யோசிக்கறேன், ஒன்னும் பிடிபடல. என்னன்னு சொல்லு, மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

அவள் இரண்டு கையையும் என் கைமேல் வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னேன். தப்பு என்னுது. உன்னுது இல்ல. அதற்குமேல் சொல்லத் தைரியம் வரவில்லை. நாலு தடவை சொன்ன பிறகுதான் அவளுக்குப் பிடிபட்டது. அழுதுகொண்டே சிரித்தாள்.

அதன் பிறகு நாலு சனிக்கிழமை. கையை வைத்துக் கையைப் படிக்க அவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டாள். சாப்பிட ஆரம்பித்தாள். பிள்ளைகளை அடிப்பது நின்றது. கன்னத்தில் லேசாகக் குழிகூட விழுந்தது. “பழசெல்லாம் கிளறாத. அவ நல்லா இருக்கா, அது போதும். கைய மடக்கிட்டு இரு” என்றார் வமோனோ. நானும் மடக்கிக்கொண்டுதான் இருந்தேன்.

ஐந்தாவது சனிக்கிழமை என் உள்ளங்கையைத் தடவிப் பார்த்துக் கேலி செய்தாள்.

“என்னடி இது, கரடுமுரடா இருக்கு? ஒம் புருஷன் தொவைக்கச் சொல்லியே கொல்றானா?”

“அவன் போயிட்டான்.”

“எப்ப?”

“ரெண்டு வருஷம் ஆகப்போகுது.”

அவள் கை என் மணிக்கட்டை இறுக்கியது. “எங்கிட்ட ஏன்டி சொல்லல?”

“சொன்னேன். ஒம் பக்கத்துல ஒக்காந்து சொன்னேன். ஒனக்குத் தெரியல.”

“அதுக்கா கண்ண மூடின? ஐயோ, நான் பாக்கலடி. சத்தியமா பாக்கல. அப்பவே ஓரமெல்லாம் மங்கலாத்தான் இருந்துச்சு. வெயில்னு நெனச்சேன்.” என்னை இழுத்துக் கட்டிக்கொண்டாள். பிறகு விலகி, நம்பிக்கையோடு சொன்னாள். “கண் டாக்டர் யாராவது ஊருக்கு வந்தா சொல்லு. லிஸ்ட் நீதான எழுதுவ? எம் பேர மொதல்ல போடு.”

இதைக் கேட்ட பிறகும் கையை மடக்கி வைக்க என்னால் முடியவில்லை. நல்லவளாக இருந்ததால் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். தாங்க முடியவில்லை, அதனால் சொன்னேன்.

“டாக்டர் வந்தாரு. போன வருஷம். பதினஞ்சு பேரு. ஒம் பேர எழுதல. எம் பேர எழுதிக்கிட்டேன். ஒனக்கு என்ன நோவுன்னு அன்னைக்கே தெரியும். வந்து சொல்லல.”

“இப்ப?”

“இப்ப ஒன்னும் பண்ண முடியாது. முடிஞ்சுபோச்சு.”

திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். இன்னொரு தடவை என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, முதல் தடவையே அவளுக்குப் புரிந்துவிட்டது என்று.

நம்போசோ கண்ணை மூடினாள். இறுக மூடினாள், அன்றைக்கு நான் மூடினது மாதிரியே. அது போதாது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். என் கைமேல் இருந்த தன் கையை எடுத்து, இடுப்புத் துணிக்குள் விட்டு, துணியைச் சுற்றிச் சுற்றி முடிச்சாக முறுக்கிக்கொண்டாள்.

அதற்கப்புறம் பதினாறு சனிக்கிழமை போயிருக்கிறேன். வமோனோ வந்தார், சங்கத்தில் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். யாருக்கும் அவள் கையைத் தருவதில்லை. இப்போது தொந்தரவே இல்லை, வைத்ததைச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கிறாள், குணமாகிவிட்டது என்று நபிஃபோ எழுதிக் காட்டினாள். நான் எதிரே மண்டியிட்டு, எப்போதாவது மனம் மாறி என் புருவத்தைக் கிள்ளுவாளோ என்று, முகத்தை அந்தத் துணி முடிச்சுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிறேன். முடிச்சு அசைவதில்லை.