பலூனோடு போகிற பெட்டி

எழுந்தான். பல் துலக்கினான். பால் காய்ச்சினான். டீ இரண்டு தம்ளர், ஒன்று மாமியாருக்கு. அடுப்பை அணைத்தோமா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு இருவரும் தென் துருவத்தை ஒட்டிய அந்த ஊரின் வானிலை நிலையத்துக்குக் கிளம்பினார்கள். மகள் வேலை பார்த்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்று அத்தைதான் கேட்டிருந்தார்.

கணவன் மனைவி இரண்டு பேருக்கும் அங்கேதான் வேலை. பலூனில் வாயு நிரப்புவது அவன். பலூனோடு போய் ஓசோனை அளக்கும் கருவியைத் தயார் செய்வது அவள். தெர்மோகோல் பெட்டிக்குள் ஒரு சின்னப் பம்பு, அயோடைடு கரைசல் ஊற்ற இரண்டு கிண்ணம். உள்ளே வரும் காற்றில் ஓசோன் இருந்தால் கரைசலில் மின்சாரம் ஓடும். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் அவள் கழுவி, சரிபார்த்து மூடிவைத்த பெட்டி மேஜையில் இருந்தது. கையிருப்பில் அதுதான் மிச்சம்.

அத்தை அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இது திரும்பி வருமா மாப்ளே?"

"வராது அத்தை. உச்சிக்குப் போனதும் பலூன் வெடிச்சிடும். எங்கேயாவது கடல்ல விழும்."

"அப்ப தர மாட்டேன். அவ கை கடைசியா பட்டது."

அவனுக்கு அழத் தெரியவில்லை. விளக்கத்தான் தெரிந்தது.

"பழைய ஃப்ரிட்ஜ் வாயுவெல்லாம் மேலே போய் உடைஞ்சு, குளோரின் வெளியே வருது. துருவத்துல குளிர்காலம் முழுக்க இருட்டுல கட்டுண்டு கிடக்கும். வசந்தத்துல மொத வெயில் பட்டதும் அவிழ்ந்துக்கும். ஓசோன்கிட்டேருந்து ஒரு ஆக்சிஜனைப் பிடுங்கும். தனி ஆக்சிஜன் ஒண்ணு வந்து அதை வாங்கிட்டுப் போயிடும். குளோரின் பழையபடி நிக்கும், அடுத்த ஓசோனைத் தேடி."

"தெரியும். போன்ல சொல்லியிருக்கா. வீட்டுக்கு வீடு கோள் மூட்டிட்டு நல்ல பேரோட வெளியே வருவாளே உன் பெரியம்மா, அவ மாதிரியான்னு கேட்டேன். அப்படிச் சிரிச்சா."

"அப்படி விழுந்த ஓசோன் ஓட்டையோட ஓரம் இன்னைக்கு நம்ம தலைக்கு மேலே இருக்கு. இன்னைக்கே அளந்தாகணும். நாளைக்கு நகர்ந்துடும் அத்தை."

வெளியே பலூன் பாதி நிரம்பி ஆடிக்கொண்டிருந்தது. அத்தை பெட்டியை விடவில்லை.

"எனக்குன்னு என்ன மிச்சம்? அவ கடைசியா என்ன சொன்னான்னு உங்களைக் கேட்டா, ஒண்ணும் சொல்லலேன்னு ஒரே பதில். சொந்தக்காரங்க ஆளுக்கொண்ணு சொல்றாங்க. 'அம்மாவைக் கைவிட்டுடாதீங்க'ன்னு சொன்னாளாம். அது அவ பேச்சே இல்லே. நெசமா சொன்னதைக் குடுங்க. இதைத் தர்றேன்."

உயிர் போகிற நேரத்துப் பேச்சுக்கு அது ரொம்பச் சின்னது என்றுதான் இத்தனை நாள் விழுங்கி வைத்திருந்தான். அதில் பாதி அத்தைக்குச் சேரவேண்டியது என்று இப்போதுதான் உறைத்தது.

"ஆபரேஷனுக்குத் தள்ளிட்டுப் போறப்ப," என்றான். "கதவுகிட்ட ஸ்ட்ரெச்சர் நின்னுச்சு. நீங்க அப்பத்தான் கீழே வந்து இறங்கினீங்க. என்னை மேலும் கீழும் பார்த்தா."

"சொல்லுங்க."

பெட்டி அவன் கைக்கு வந்தது.

"'சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கே, தையல் தெரியுது. அம்மா மேலே வர்றதுக்குள்ள மாத்திக்கோ. என் மானம் போகுது.'"