எரிந்த சரிவின் காய்கள்

அண்ணனின் தலைமுடியில் ஒட்டியிருந்த சாம்பலை ஈரத்துணியால் துடைத்தெடுத்தாள் எர்மெலிந்தா. நெற்றித் துளையின் மேல் கைக்குட்டையை மடித்துக் கட்டினாள்.

மிச்சோகான் மலையில் பைன் காட்டை எரித்து அவகேடோ நடுகிறார்கள் என்று அவள் அண்ணன் அபுந்தியோ படமெடுத்து மனுப் போட்டிருந்தான். மூன்று நாடுகள் போட்ட வர்த்தக ஒப்பந்தத்தில் காட்டைக் காக்கவும் ஓர் அத்தியாயம் உண்டு. எரித்த நிலத்துக் காய் எல்லை தாண்டக்கூடாது என்பது அவன் வழக்கு. மனுவை விசாரிக்கப்போவதாகச் சேதி வந்த வாரமே, புகைந்துகொண்டிருந்த சரிவில் அவனைச் சுட்டுப்போட்டார்கள்.

"உன் புருஷன் எங்கடி?" என்றாள் அண்ணி தோமாசா.

எர்மெலிந்தா துணியைப் பிழிந்தாள். காலையில், "நான் வண்டிதான ஓட்டுறேன், யாரையும் சுடலையே" என்று சொல்லிவிட்டு அந்த அவகேடோத் தோட்டத்துக்குப் போயிருந்தான் அவள் கணவன் லாதிஸ்லாவோ.

கல்லறைக்குப் போகும் பாதையில் அவன் ஓட்டும் தோட்டத்து லாரியே எதிரே வந்தது. அவன் பக்கத்தில் துப்பாக்கியோடு தோட்டக் காவலாள்.

"ஓரமாத் தூக்கிட்டுப் போங்க. லோடு எல்லைக்குப் போவணும்," என்றான் காவலாள்.

"பெட்டிய இறக்குங்க," என்றாள் எர்மெலிந்தா. சவப்பெட்டி நடுப்பாதையில் இறங்கியது.

"செத்தும் வழி மறிக்கிறானா உங்கண்ணன்?" காவலாள் குதித்து வந்து துப்பாக்கிக் கட்டையால் அவள் வாயில் இடித்தான். அவள் பல்லைத் துப்பிவிட்டுக் கணவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏத்து, லாதிஸ்லாவோ. அவன் மேல ஏத்து. என் மேலயும் ஏத்து."

"ஏத்துடா!" என்று காவலாளும் கத்தினான்.

எஞ்சின் நின்றது. லாதிஸ்லாவோ ஜாக்கிக் கம்பியோடு இறங்கினான். காவலாள் திரும்புவதற்குள் முழங்கையில் அடி விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. துப்பாக்கி பள்ளத்தில் போய் விழ, காவலாள் மல்லாந்து சாய்ந்தான். தோமாசா கல்லை எடுத்துக்கொண்டு அவன் மார்பில் ஏறி உட்கார்ந்தாள்.

"போதும் அண்ணி, செத்துருவான்!"

"உங்கண்ணன் செத்தப்ப யாருடி போதும்னா?"

நாலு பேர் சேர்ந்துதான் அவளைப் பிரித்தெடுத்தார்கள். காவலாளின் முகம் முகமாக இல்லை. மூச்சு மட்டும் இருந்தது.

லாதிஸ்லாவோ லாரியின் பின்கதவைத் திறந்துவிட்டான். காய்கள் பாதை முழுதும் கொட்டின. பிறகு தயங்கித் தயங்கி வந்து பெட்டிக்குத் தோள் கொடுத்தான்.

தூக்குகிறவர்கள் வழுக்கி விழாதபடி, எர்மெலிந்தா காய்களைக் காலால் ஒதுக்கிக்கொண்டே முன்னால் நடந்தாள்.