பதினேழாம் எண் எச்சில்

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் இருவர். ஒரே மருத்துவமனையில் வேலை பார்த்ததுதான் வினையாயிற்று. பெரியவள், பல் மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் பதினான்கு ஆண்டுகளாகக் குழாய்களோடும் குளிர்பெட்டிகளோடும் மல்லுக்கட்டுகிறவள். சின்னவள், கொழுந்தனைக் கட்டிக்கொண்டு இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்தவள். ஈறு நோய் மருத்துவர். வந்த கையோடு ஓர் ஆய்வுக்குத் தலைவி!

ஈறு நோய் முற்றித் தாடை எலும்பு கரையத் தொடங்கினால், எச்சிலில் ஒரு புரதம் கூடும். எக்ஸ்ரே காட்டுவதற்கு முன்பே எச்சில் காட்டிக்கொடுத்துவிடும். இதுவே சின்னவளின் வாதம். "பல் மருத்துவரின் நாற்காலிக்கு வர வழியில்லாதவரும் ஒரு குழாயில் துப்பித் தம் வாயின் உண்மையை அறியட்டும்!" என்று அவள் முழங்கினால் அரங்கம் கைதட்டும். பெரியவள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள்.

வீட்டிலும் அதே பாட்டுத்தான்.

"சின்னவ சிரிச்சா வீடே வெளிச்சமாயிடுது" என்பார் மாமியார்.

"அப்ப லைட்டையெல்லாம் அணைச்சிடுங்க அத்தை" என்பாள் பெரியவள்.

ஆய்வுக்கு நலமான ஈறுடையோர் இருபது பேர், நோயாளிகள் இருபது பேர். எச்சில் சேகரிப்பது பெரியவளின் பொறுப்பு. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிய வேண்டும். தலை குனிந்து, ஊறிய எச்சிலைக் குழாயில் வழியவிட வேண்டும். குழாய் உடனே பனிக்கட்டிக்குள் போக வேண்டும். குழாயின்மேல் எண் மட்டும் இருக்கும். பெயர், பெரியவள் பூட்டி வைத்திருக்கும் பதிவேட்டில் இருக்கும். நலமானவர் என்று சேர்க்கப்படுகிறவரின் பல்லுக்கும் ஈற்றுக்கும் இடையிலுள்ள பள்ளத்தையும் சின்னவளே மில்லிமீட்டரில் அளந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

பதினேழாம் எண்ணுக்கு உரியவர் கடைசிவரை வரவில்லை. ஆள் குறைந்தால் ஆய்வுக்கூடத்துக்காரர்களே எச்சில் கொடுப்பது அங்கே வழக்கம். பெரியவளும் கொடுத்தாள். ஆனால் அளப்பதற்காகச் சின்னவளின் நாற்காலியில் சாய்வதா? முத்துப்பல் சிரிப்புக்காரியின் முன்னால், தேய்க்கும்போதெல்லாம் இரத்தம் கசியும் இந்த வாயைத் திறப்பதா? அதற்கு அவளுடைய மானம் இடம் கொடுக்கவில்லை. இரண்டு, மூன்று, இரண்டு என்று நல்ல ஈற்றுக்குரிய அளவுகளைத் தானே எழுதி, கையெழுத்துக்குப் போகும் தாள்கட்டில் செருகிவிட்டாள். கட்டோடு கட்டாக அதிலும் சின்னவளின் கையெழுத்து விழுந்தது.

ஆய்வை ஏற்பதா என்று முடிவு செய்யும் மதிப்பீட்டுக் குழு கூடும் நாள் காலையில், எச்சிலுக்கு ஒரு குழியாகச் சோதனைத் தட்டு தயாரானது. புரதம் மிகுந்தால் குழி மஞ்சளாகும். நோயாளிகளின் குழிகள் எல்லாம் அடர்மஞ்சள். நலமானோரின் குழிகள் எல்லாம் வெளிறிக் கிடந்தன, பதினேழைத் தவிர.

சின்னவளின் முகமும் வெளிறியது.

"அக்கா, பதினேழு யாரு?"

"பேரைக் கேக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டதே நீதானே, டாக்டரம்மா?"

"ரெண்டு தடவை ஊத்தியும் அதே மஞ்சள். நல்ல வாயையே நோயாளிங்குற சோதனை எதுக்குன்னு தூக்கிப் போட்டுடுவாங்க."

"எச்சிலை நம்பி இறங்கினா அப்படித்தான்."

சொன்ன நாக்கு தித்தித்தது. இனி அவள் பேச வேண்டியதே இல்லை. பூட்டிய பதிவேடு பூட்டியே இருந்தால் போதும். கைதட்டிய அரங்கமே கைகொட்டிச் சிரிக்கும். இரண்டு ஆண்டு எரிச்சலுக்கு ஒரு மணி நேர மௌனம் மருந்தாகும்.

சின்னவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"சோதனை தோத்தா தோக்கட்டும்க்கா. ஒருவேளை அது சரியா இருந்துட்டா? எலும்பு கரையுற ஒருத்தரை, நல்லா இருக்கீங்கன்னு அனுப்பிட்டேனே! நீங்களே அவருக்குப் போன் போட்டு உடனே வரச் சொல்லுங்க. குழுவை நாளைக்கு வரச் சொல்லிடறேன்."

பெரியவளின் நெஞ்சில் தீ பற்றிக்கொண்டது. அழகு இவளுக்கு, படிப்பு இவளுக்கு, மாமியாரின் வாய் முழுக்க இவள் பேச்சு. போதாக்குறைக்குப் பெருந்தன்மையும் இவளுக்கேவா? தான் மௌனம் காத்தால் இவள் தோற்றும் உயர்ந்து நிற்பாள். தான் வென்றும் சிறுத்துப் போவாள். அதை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது!

"போன் எதுக்கு? அந்த ஆளு உன் முன்னாடிதான் நிக்கிறா."

நாற்காலி சாய்ந்தது. விளக்கு எரிந்தது. அளவுக்கம்பி ஈற்றோரம் இறங்கியது.

"அஞ்சு... ஆறு... ஆறு" என்று சின்னவள் எண்ணினாள். "அக்கா, எத்தனை நாளா ரத்தம் வருது?"

"நீ இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியிருந்தே. அந்தப் பழியைக்கூட உன் தலையில போட முடியல."

"இது நிறுத்தக்கூடிய நோய்தான்க்கா. இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம்." அவள் பதினேழாம் தாளை எடுத்தாள். "அப்ப இந்த அளவெல்லாம்?"

"நான் எழுதினது."

சின்னவள் தாளை மேசையில் கவிழ்த்து வைத்தாள். பெரியவள் வாயைத் துடைத்துக்கொண்டாள், துணியில் சிவப்பு. ஆள் மறைத்ததை எச்சில் சொல்லிவிட்டது, சோதனை பொய்க்கவில்லை. பதினான்கு ஆண்டுகள் உழைத்த கூடத்தில், தன் வாயில் ஊறிய எச்சில்கூடச் சின்னவள் பக்கம் சாய்ந்துவிட்டதே!

"குழுவை நாளைக்கு வரச் சொல்ல வேணாம்" என்றாள், நாற்காலியிலிருந்து இறங்கியபடி. "பதிவேட்டோட நானே வந்து சொல்றேன்."

"அக்கா, உங்க வேலைக்கே..."

"பாராட்டையெல்லாம் நீ வாங்கிக்கோ. திட்டையாவது எனக்கு விடு."

பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்தாள். சின்னவளும் ஓட்டமும் நடையுமாகப் பின்தொடர்ந்தாள். கூட்ட அறையின் கதவை எட்டியதும், பெரியவள் ஒரு தோளை முன்னே நீட்டி, அவளுக்கு முன்னால் உள்ளே நுழைந்தாள்.