இருபத்தேழு வருடம் பின்தங்கியவர்

முப்பது வருடம் தொழில் செய்ததில் கேமராக்காரருக்கு மூன்று வயதுதான் கூடியது. அந்த மூன்றும் வீட்டில் தங்கிய நாட்களின் கணக்கு. மற்றபடி, மணிக்கு ஒரு ஃபிரேம் வீதம் ஏரி வற்றுவதையும் பாலம் எழும்புவதையும் ஆறு மாடி உயரத் திரைக்கான அகலப் பிலிமில் எடுத்துக்கொண்டு நின்றவருக்கு, திரையில் ஓடும் நேரம் மட்டுமே உடம்பில் ஏறியது. பாலத்துக்காக நான்கு வருடம் நின்றார். இருபத்து நான்கு நிமிடம் மூப்படைந்தார். தெருவில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. "இந்த மனுஷன நம்பி நான் கடை போட்டிருந்தா அவ்வளவுதான்" என்று முடிதிருத்துபவர் மட்டும் அலுத்துக்கொண்டார்.

கல்யாணத்தின்போது அவருக்கு இருபத்தெட்டு, மனைவிக்கு இருபத்தாறு. இப்போது அவருக்கு முப்பத்தொன்று, அவளுக்கு ஐம்பத்தாறு. முதலில் அவளை அவருக்கு அக்கா என்றார்கள், பிறகு சித்தி என்றார்கள். இருபத்தொன்பது வயது மகள், இரண்டு வயதுதானே பெரியவர் என்ற தைரியத்தில் அப்பாவைத் தாராளமாகத் திட்டினாள். ஒருநாள் கண் மருத்துவமனையில் சீட்டு எழுதும் பெண், "அம்மாவக் கூட்டிட்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டாள். வழக்கமாகத் திருத்துகிறவர், அன்று சோம்பல்பட்டு "ஆமா" என்று சொல்லிவிட்டார். மனைவி காதில் அது விழுந்தது. திரும்பும்போது பஸ்ஸில் அவள் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் பனிமலைப் பட வாய்ப்பு வந்தது. நாளுக்கு ஒரு ஃபிரேம், பன்னிரண்டு வருடம். தொழிலில் அதற்கு மேல் எதுவும் கிடையாது.

"போயிட்டு வாங்க" என்றாள் மனைவி. "நான் உங்களோட கிழவி ஆகணும்னுதான் கட்டிக்கிட்டேன். உங்களுக்கு அம்மா ஆகறதுக்கு இல்ல." சொல்லிவிட்டு அழுதாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பென்சிலால் நெடுநேரம் ஏதோ பெருக்கி வகுத்தார். மலையை வேறு ஆளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, நொடிக்குத் தொள்ளாயிரத்து அறுபது ஃபிரேம் ஓடும் கேமரா ஒன்றை வாங்கி வந்து அவளுக்கு எதிரே நிறுத்தினார். அதில் எடுத்தால் ஒரு நொடி திரையில் நாற்பது நொடியாக நீளும். தினம் எட்டு மணி நேரம் ஓடினால் நாளுக்கு ஏறக்குறைய அரை மாதம் மூப்பு. இரண்டு வருடத்தில் வயது சரியாகிவிடும்.

அவள் கீரை ஆய்ந்தாள், துணி மடித்தாள், மகளிடம் போனில் அவரைப் பற்றியே குறை சொன்னாள். எல்லாம் பிலிமில் ஏறியது. திரையில் அவள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. கேமராக்காரருக்கு முதல் மாதத்தில் ஒரு பல் ஆடியது, ஆறாம் மாதம் காதோரம் நரைத்தது. முடிதிருத்துபவர் வாரத்துக்கு இருமுறை வீட்டுக்கே வந்துபோனார். தொழிலில் ஒரு ஃபிரேமைக்கூடத் தவறவிடாதவர், இரண்டு வருடம் முடிந்த அன்று கேமராவை நிறுத்த மறந்துவிட்டார். அவள் தலைவாருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்தத் தலைவாரலும் அதற்குப் பிறகு வந்தவையுமாக மூன்று மாதம் கூடுதலாக ஓடிவிட்டது.

"கணக்குத் தெரியாத ஆளாப்பா நீங்க? மூணு வருஷத்துக்கு மேல அதிகமாப் போயிருச்சு!" என்று மகள் கத்தினாள்.

"போனாப் போகட்டும் விடுடி" என்றாள் தாய். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்த வாரம் இருவரும் கண் மருத்துவமனைக்குப் பஸ்ஸில் போனார்கள். உட்கார்ந்திருந்த பெண்ணொருத்தி அவர் நரைத்த தலையைப் பார்த்து எழுந்து, "உங்க வீட்டுக்காரர உக்காரச் சொல்லுங்கம்மா" என்றாள். மனைவி அவரை உட்காரவைத்துவிட்டு, இறங்கும் இடம் வரை அவர் தோளைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தாள்.