சிவப்பாக ஒரு வரி

…ஸ்டெபி லீவு போட்ட அன்றைக்கே இது நின்றுபோயிருக்கிறது, நல்லதுதான், என்று தோன்றியதும் செலஸ்டினுக்கே கூச்சமாக இருந்தது, ஆனாலும் நினைப்பு போகவில்லை. தொழிற்சாலையில் தேயிலை வாடும் தொட்டிகளின் ஈரத்தை அளந்து எழுதும் கம்ப்யூட்டர் சர்வீஸ் காலை எட்டரையிலிருந்து ஓடவில்லை, திரையில் சிவப்பாக ஒரு வரி, சூப்பர்வைசர் மருதாசலம் இரண்டு தடவை வந்து நின்றுவிட்டுப் போனார், ரொம்ப வாடிட்டா இன்னைக்கு இலை அத்தனையும் வீணுங்க என்று. பதினோரு வருஷம் இந்த எஸ்டேட் கம்ப்யூட்டர்களை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்தவன் செலஸ்டின், எது எங்கே மக்கர் செய்யும் என்பது அவன் விரல்களுக்குத் தெரியும்… போன வருஷம் வேலைக்கு வந்த ஸ்டெபி அதையெல்லாம் துடைத்துவிட்டாள். எந்தச் சர்வீஸ் ஓட வேண்டும், எங்கே எழுத வேண்டும், எல்லாம் ஒரே கோப்பில், அதைப் படித்து கம்ப்யூட்டர் தன்னை அப்படியே அமைத்துக்கொள்ளும். மேனேஜர் நவநீதன் கேட்டுவிட்டு, இனி யார் வேணாலும் பாத்துக்கலாம், இல்லையா, என்றார். யார் வேண்டுமானாலும். அப்படியென்றால் இவன் எதற்கு?

பழைய பழக்கத்தில் சர்வீஸையே நேரடியாகத் திருத்தப் போனான், விடவில்லை, இங்கே எழுத முடியாது என்றது, அவளே வாசலில் நின்று மறிப்பதுபோல. சரி, பதிவுகள் என்ன சொல்கின்றன… கீழிருந்து மேலாகப் படித்தான், அளவுகளை எழுத வேண்டிய ஃபோல்டர் அந்தப் பெயரில் இல்லை, மறுபடி முயன்றது, விழுந்தது, ஐந்தாவது தடவையோடு விட்டுவிட்டது. ஏன் இல்லை? நேற்று இருந்ததே? அவளுடைய கோப்பைத் திறந்தான், இன்று காலை பர்லியாருக்குப் பஸ் ஏறுவதற்கு முன் வீட்டிலிருந்தே ஒரு வரியை மாற்றியிருக்கிறாள், ஃபோல்டர் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. ஒரே எழுத்து. தொண்டைக்குள் ஏதோ இனித்தது. முந்தைய அமைப்புக்குத் திரும்ப ஒரு கட்டளை போதும், அவள் இரண்டு தடவை சொல்லிக்கொடுத்தபோது கேட்காதவன்போல இருந்து மனதில் வாங்கிக்கொண்டது, ஆனால் முதலில் செல்போனை எடுத்தான், அந்த வரியைப் படம் பிடித்தான், மங்கலாக விழுந்ததால் மறுபடி பிடித்தான், கீழே இலை வாடிக்கொண்டிருந்தது, நவநீதனுக்கு என்ன எழுதலாம், பணிவாகத்தான் எழுத வேண்டும், குத்துவது தெரியக்கூடாது… அதன் பிறகே கட்டளையை அடித்தான். சிவப்பு பச்சையானது. நவநீதனுக்கு எழுதுவதற்குள் போன் அடித்தது, ஸ்டெபி.

"அண்ணா, மருதாசலம் அண்ணன் சொன்னாருங்க. காலையில நான் மாத்துனதுதான், ஓடுதான்னு பாக்காம பஸ் ஏறிட்டேன். சரியாயிருச்சுங்களா?"

"ஆயிருச்சு."

"நல்லவேளைங்கண்ணா. என் தப்புதான்னு இப்பத்தான் மேனேஜருக்கும் போன் பண்ணி சொன்னேன். சரிம்மான்னுட்டாருங்க."

சரிம்மா, அவ்வளவுதானா? இவ்வளவு லேசாகவா அது முடியும்? மூன்று வருஷம் முன்பு பாதி சீசனின் பதிவுகளை இவன் தவறுதலாக அழித்தபோது, கரண்ட் ஏறி இறங்கியதில் போய்விட்டது என்றான், எலக்ட்ரீஷியன் பாண்டியனை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துத் திட்டினார்கள், பாண்டியன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான், இன்றைக்கும் எதிரே பார்த்தால் அவன்தான் முதலில் வணக்கம் வைக்கிறான். அவள் எப்படிச் சொன்னாள், அதுவும் யாரும் கேட்பதற்கு முன்பே? பஸ் இரைச்சலுக்கு நடுவே, ஒரு பயமும் இல்லாத குரலில்… அந்தக் குரல் மட்டும் தனக்கு ஏன் வாய்க்கவில்லை என்று இருந்தது, அது தனக்கும் வேண்டும் என்றும் இருந்தது, அவள் மேல் முன்னைவிடக் கோபமாகவும் இருந்தது.